கம்பிக் கதவைத் தொட்டவன்

"செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு கவர்மென்ட் ஆபீசுக்குள்ள போன மனுசனை நான் இன்னிக்குத்தான் கேள்விப்படுறேன் மேடம். கோயில்னு நினைச்சுட்டான் போல. அதுவும் தப்பில்லை. ரெண்டு இடத்துலயும் வரம் கிடைக்கிற வரைக்கும் வாசல்லதான கிடக்கணும்" என்றான் பிரபாகரன்.

சொர்ணலட்சுமி சிரிக்கவில்லை. அவளிடம் உதவி கேட்டு வந்த வேல்விழி, அவள் சிரித்து இதுவரை பார்க்கவும் இல்லை. பல வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகத் தீப்பிடித்த பட்டாசு ஆலைகளில் சாம்பலைக் கிளறி, யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடித்தவள். இப்போது சிவகாசியில் ஒரு பேப்பர் கட்டிங் கடையின் மாடியில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறாள். பிரபாகரன் அவளுடைய ஒரே ஆள். வேன் ஓட்டுவான், விசாரிப்பான், வாயை மட்டும் மூடமாட்டான்.

சூலக்கரை கலெக்டர் ஆபீஸ் வாசலில் அய்யம்மாளின் டீக்கடை. மூன்று பேரும் அங்கேதான் நின்றிருந்தார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் வாட்ச்மேன் கருப்பணன் ஒரு விஷயம் சொல்லியிருந்தார். அந்த நாளில், அந்த மத்தியானத்தில், படைவீரர் நல ஆபீசுக்குள் போன வெளியாள் ஒரே ஒருத்தன்தான். படியிலேயே செருப்பைக் கழற்றினான். கம்பிக் கதவில் உள்ளங்கையை அழுத்தி ஒரு விநாடி வைத்தான். அப்புறம்தான் உள்ளே போனான்.

அந்த ஒருத்தன்தான் வேல்விழியின் வாழ்க்கையில் மண்ணை அள்ளிப் போட்டவன்.

அவளுடைய அப்பா முனியராஜ் பட்டாளத்தில் நாயக்காக இருந்தவர். எல்லையில் ஒரு மலைக் காவல் சாவடியில், புதைத்து வைத்த கண்ணிவெடியில் இடது கை சிதைந்துபோயிற்று. பெருவிரலும் சுண்டுவிரலும் மட்டும் மிச்சம். கை போனதற்கு ஆஸ்பத்திரியில் அத்தாட்சி இருந்தது. எப்படிப் போனது என்பதற்கான காகிதம், யூனிட் இடம் மாறிய குழப்பத்தில் எங்கேயோ தொலைந்துபோனது. காயம் பணியால் வந்ததுதான் என்று நிரூபிக்க முடியாமல், ஊனத்துக்கான பென்ஷன் வேல்விழி வளர்ந்த காலம் முழுவதும் இழுத்துக்கொண்டே கிடந்தது.

இந்த வருஷம்தான் விடிந்தது. பட்டாளத்து ரெக்கார்டு ஆபீஸ், இங்கே படைவீரர் நல ஆபீசிலேயே விசாரித்து அனுப்பச் சொன்னது. அப்பாவோடு அதே சாவடியில் இருந்த சாத்தூர் அய்யாதுரை பெரியப்பா நேரில் வந்து சாட்சி சொன்னார். "இனி கவலைப்படாதே பாப்பா" என்று ஆபீசரே வேல்விழியிடம் சொன்னார்.

அவளுக்கு அது வெறும் பென்ஷன் அல்ல. டாக்டர் படிப்பில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் இடங்கள் விரல் விட்டு எண்ணிவிடலாம். அதிலும் ஒரு வரிசை உண்டு. பணியில் ஊனமானவர்களின் பிள்ளைகள் முன்னால் நிற்பார்கள். மற்ற படைவீரர் பிள்ளைகள் எல்லாம் அவர்களுக்குப் பின்னால். அப்பாவின் கை பட்டாளத்தில் போனது என்று எழுதிவிட்டால் வேல்விழிக்குச் சீட்டு உறுதி. எழுதாவிட்டால் அவள் மார்க்குக்குக் கிடைக்காது.

அந்த நேரத்தில்தான் ஒருத்தன் வந்து, முனியராஜுக்குக் கை போனது பட்டாளத்தில் இல்லை, ஊரில் என்று வாக்குமூலம் கொடுத்துவிட்டுப் போனான். ஃபைல் அப்படியே நின்றது. அவன் பேரைச் சொல்ல ஆபீசருக்கு அனுமதி இல்லை. சான்றிதழ் கொடுக்க நாளைதான் கடைசி நாள்.

"யக்கா, அந்த ஆளு மூஞ்சி எப்படி?" என்று சொர்ணலட்சுமி அய்யம்மாளைக் கேட்டாள்.

"துண்டைப் போட்டு மூடியிருந்தாரும்மா. வெயிலுக்குன்னு நினைச்சேன். ஆனா தலையில தண்ணி சொட்டச் சொட்ட வந்தாரு. மண்டையைப் பிளக்குற மத்தியானம், அப்பத்தான் குளிச்ச மாதிரி சோப்பு வாசம் இங்கன வரைக்கும் வருது. போனை எடுத்து என் கையில குடுத்து, 'வச்சிருங்கக்கா, வந்து வாங்கிக்கிடுதேன்'னாரு. எதுக்குய்யா, உள்ள கொண்டுபோனா யாரும் வேண்டாங்க மாட்டாகளேன்னேன். திருதிருன்னு முழிச்சாரு. 'பழகிப் போச்சுக்கா'ன்னுட்டுப் போயிட்டாரு."

"போன் அடிச்சதா?"

"அடிச்சுச்சே! அடுத்தவுக போனை நான் எதுக்கு எடுக்கேன்? எழுத்து எனக்குத் தெரியாது. படம் தெரிஞ்சுச்சு. பட்டாளத் தொப்பி போட்ட ஆளு. தொப்பியில செகப்பா ஒரு குஞ்சம்."

வேல்விழி டீ டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டாள். சிவப்புக் குஞ்சம் வைத்த தொப்பி அப்பாவின் ரெஜிமென்ட் தொப்பி. அய்யாதுரை பெரியப்பாவின் வாட்ஸப்பில் எத்தனை வருஷமாக அந்தத் தொப்பிப் படம்தான் இருக்கிறது!

"மேடம்... பெரியப்பா..."

அதற்குள் அவள் போனே அடித்தது. பார்த்தால் ரோஷினி. பெரியப்பாவின் மகள். ஒரே கோச்சிங்கில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். அவளும் அதே ஒதுக்கீட்டில்தான் விண்ணப்பித்திருக்கிறாள்.

"ஏட்டி, அப்பா விஷயம் முடிஞ்சிருச்சா? நான் வேணா எங்கப்பாவை இன்னொரு தடவை ஆபீசுக்கு அனுப்பட்டா? உனக்குக் கிடைச்சா எனக்குக் கிடைச்ச மாதிரிடி" என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

வேல்விழி "அப்புறம் பேசுறேன்" என்றாள். போனை வைத்ததும் பொரிந்து தள்ளினாள். "எனக்கு முன்னுரிமை கிடைக்காட்டி அவ எனக்கு முன்னாடி வந்துருவா மேடம். அவ மார்க்கு என்னைவிடக் கொஞ்சம் கூட. அதுக்குத்தான் பெரியப்பா முன்னாடி சாட்சி சொல்லிட்டு, பின்னாடி ஆளை வச்சுக் கெடுத்திருக்காக!"

"அவசரப்படாதே. அந்தத் தொப்பியை ஒரே ஆளுக்கா தைக்காக?" என்றாள் சொர்ணலட்சுமி. பிறகு கொஞ்சம் தள்ளிப்போய் வேப்ப மரத்தடியில் நின்று யாருக்கோ போன் பேசினாள்.

"வீட்டுக்காரருக்குச் சாம்பார் பக்குவம் சொல்றாங்க. தினமும் இந்த நேரத்துக்குச் சொல்வாங்க. தினமும் அவரு புளியை மறந்துருவாரு" என்று பிரபாகரன் விளக்கம் கொடுத்தான்.

வேன் கிளம்பியது. வேல்விழி பின்சீட்டில் ஜன்னலோரம் ஒடுங்கிக்கொண்டாள். காலையில் அப்பா வழக்கம்போல வலது கையை நீட்டினார். இடது மணிக்கட்டு முழுக்கத் தழும்பு என்பதால் வாட்சை வலது கையில்தான் கட்டுவார். வார் மாட்ட மிச்சமிருக்கும் ரெண்டு விரல் போதாது. விவரம் தெரிந்த நாளிலிருந்து அது வேல்விழியின் வேலை. வாரை மாட்டும்போது அப்பா குனிந்து சொன்னார்: "அந்தம்மா கூட அலையாதே தாயி. போனது போகட்டும். அடுத்த வருசம் எழுதிக்கிடலாம்." அவ்வளவு நல்ல மனுசனை ஏமாற்ற யாருக்கு மனசு வந்தது?

"ஏலே பிரபா, குளிச்சிட்டு வாரான், போனை வெளியில வைக்கான், செருப்பைக் கழட்டுறான், இரும்புல கை வைக்கான். யாருலே அவன்?" என்றாள் முன்சீட்டில் இருந்த சொர்ணலட்சுமி.

"பூசாரி."

"பூசாரி இரும்புல எதுக்குலே கையை வைக்கான்?"

"ஷாக் அடிக்குதான்னு பார்க்க. எலக்ட்ரீசியன் பூசாரி."

"பக்கத்துல வந்துட்டே. உன் வாயி சும்மா உளறும்போதுதான் உருப்படியா ஏதாச்சும் விழும்." சொர்ணலட்சுமி பின்னால் திரும்பினாள். "வேல்விழி, பட்டாசு ஆலையில மருந்து அறை பார்த்திருக்கியா?"

"வெளியில நின்னு பார்த்திருக்கேன்."

"வாசல்ல ஒரு செம்புத் தகடு இருக்கும். மருந்து கலக்குறவுக அதுல உள்ளங்கையை வச்சு, உடம்புல இருக்கிற கரண்டை இறக்கிட்டுத்தான் உள்ள போகணும். ஒரு சின்னப் பொறி பட்டாலும் ஆளோட கட்டடமும் போயிரும். செருப்பு கிடையாது. செல்போன் கிடையாது. வெயிலு ஏறுறதுக்கு முன்னாடி வேலையை முடிச்சு, மருந்தெல்லாம் போகத் தேய்ச்சுக் குளிச்சுட்டுத்தான் வெளியில வருவாக. வருசக்கணக்கா அதையே செஞ்சா, வீடோ ஆபீசோ, எந்த வாசல்லயும் கை தன்னால இரும்பைத் தேடும்."

"அப்போ நம்ம ஆளு மருந்து கலக்குறவன்! பிடிச்சிட்டோம்! சிவகாசியைச் சுத்தி ஒரு ஆயிரம் பேருதான் இருப்பாங்க. தீபாவளிக்குள்ள பார்த்து முடிச்சிரலாம்" என்றான் பிரபாகரன்.

"சும்மா கிட. அந்த வாக்குமூலத்துல என்ன சொல்லியிருந்தான்? ஆபீசரு உங்களுக்குப் படிச்சுக் காட்டுனாருல்ல?"

வேல்விழிக்கு அது மனப்பாடம். "இருக்கன்குடி கோயிலுக்குக் கிடா வெட்ட லீவுல வந்தப்போ, லைசென்ஸ் இல்லாத ஒரு பட்டாசு செட்டுல வெடி கட்டும்போது கை போச்சுன்னு. செட்டும் இப்ப இல்லை, செட்டுக்காரரும் செத்துட்டாருன்னு."

"லீவுல வந்தது நெசமா?"

"லீவு நெசம்தான் மேடம். கிடா வெட்டுனதும் நெசம். எனக்கு முதல் மொட்டை. கை நல்லா இருக்கத்தான் எங்கப்பா திரும்பிப் போனாக. போன கொஞ்ச நாள்ல..."

"ஊரைக் கூப்பிட்டீகளா?"

"எங்க கூப்பிட? காசு ஏது? வீட்டாளுக மட்டும்தான்னு அம்மா சொல்லும்."

"யாரு மடியில உக்காந்து மொட்டை போட்ட?"

இதென்ன கேள்வி என்று வேல்விழிக்குத் தோன்றியது. "யாரு மடியில உக்காருவாக? தாய்மாமா மடியிலதான்."

அந்தக் கிடா வெட்டு வீட்டாளுகளுக்கு மட்டும்தான் தெரியும் என்பது வேல்விழிக்கு அப்போதுதான் உறைத்தது.

"மாமா என்ன வேலை பார்க்காரு?" என்றாள் சொர்ணலட்சுமி, குரலைத் தாழ்த்தி.

வேல்விழி உதட்டைக் கடித்துக்கொண்டாள். சொல்லாமல் இருந்தால் அது இல்லையென்று ஆகிவிடுமா?

"மருந்து கலக்குறாக."

திருத்தங்கலில் பாண்டிராஜ் மாமாவின் வீடு வேல்விழி வீட்டுக்கு அடுத்த தெரு. மாமா இன்னும் வேலை முடிந்து வரவில்லை. அத்தை தீப்பெட்டி ஆலைக்குப் போயிருந்தாள். சாவி எங்கே இருக்கும் என்று வேல்விழிக்குத் தெரியும். கதவைத் திறந்துவிட்டு, மாமா தனக்கென்று வாங்கிய சேலையை அத்தை மடித்து வைத்திருக்கும் அலமாரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். மாமாவாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். மருந்து கலக்குகிறவர்கள் ஆயிரம் பேர் என்று பிரபாகரன் சொன்னானே, அந்த ஆயிரத்தில் யாராவது ஒருத்தராக இருக்கட்டும்.

சைக்கிள் சத்தம் கேட்டது. பாண்டிராஜ் தலையில் ஈரம் சொட்ட இறங்கினார். செருப்பைக் கழற்றினார். போனை எடுத்து வெளி ஜன்னல் திட்டில் வைத்தார். திறந்து கிடந்த கம்பிக் கதவில் உள்ளங்கையை அழுத்தினார். பிறகுதான் நிமிர்ந்து உள்ளே பார்த்தார்.

"பேஷ்! ஆபீஸ்ல நடந்ததை அப்படியே மறுபடி ஓட்டிக் காட்டிட்டாரு மேடம்" என்றான் பிரபாகரன் மெதுவாக.

"மருமகளே? யாரு இவுகல்லாம்?" பாண்டிராஜ் வாசலைத் தாண்டவில்லை.

"சூலக்கரையில வாங்குன டீ நல்லாருந்துச்சா அண்ணாச்சி?" என்றாள் சொர்ணலட்சுமி.

"எந்த... நான் எதுக்கு சூலக்கரை போறேன்?"

"மாமா" என்றாள் வேல்விழி. பாண்டிராஜ் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எங்களுக்கு நீ கெடுதல் செய்யக் கூடியவனா மாமா? அம்மாவுக்கு உன்னை விட்டா யாரு இருக்கா? யாரு செஞ்சதுன்னு தெரியாம, எங்கம்மா காளி கோயில்ல போயி காசு வெட்டிப் போட்டுட்டு வந்துச்சே! சொன்ன வாயும் நடந்த காலும் விளங்காமப் போகட்டும்னு தலைமுடியை அவுத்துப் போட்டுட்டு அழுதுச்சே! கூடப் பிறந்த தம்பிக்கா காசு வெட்டுனோம்னு தெரிஞ்சா எங்கம்மா உசிரோட இருக்குமா?"

"தெரியும் தாயி. அக்கா காசு வெட்டிப் போட்டதுல இருந்து எனக்குத் தூக்கம் கிடையாது. மருந்து அறைக்குள்ள கால் வைக்கும்போது உடம்பு வெடவெடன்னு ஆடுது. இன்னிக்குப் போகுதா, நாளைக்குப் போகுதான்னுதான் கலக்குறேன்." பாண்டிராஜ் தலையில் அடித்துக்கொண்டார். "என்னைய ஒண்ணும் கேக்காதே. சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

"யாருக்கு? அய்யாதுரை பெரியப்பாவுக்கா? அவுக என்ன குடுத்தாக உனக்கு?"

பாண்டிராஜ் விழித்தார். "அய்யாதுரை அண்ணனா? அவரு எங்கன வந்தாரு இதுல?"

அப்போதுதான் வெளித் திட்டில் போன் அடித்தது.

பாண்டிராஜ் எழப் பார்த்தார். பிரபாகரன் அவர் தோளில் மெல்லக் கை வைத்தான். "உக்காருங்க மாமா. உங்களுக்குப் போன் எடுக்கத்தான் மருமக இருக்குல்ல." அவனுடைய இத்தனை நேரத்துப் பேச்சில் கேலியே இல்லாதது அது ஒன்றுதான்.

வேல்விழி வெளியே போய் எடுத்தாள். திரையில் ஒரு படம். பட்டாளத் தொப்பி. சிவப்புக் குஞ்சம். அதன் கீழே இளவயசு அப்பா.

அந்தப் படத்தை வைத்ததே அவள்தான். மாமாவுக்கு வாசிக்க நேரமாகும் என்று, போன பொங்கலன்று சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் போட்டோவைக் கழற்றி, கண்ணாடியைத் துடைத்து, அவளே படம் பிடித்து, "இனிமே மச்சான் கூப்பிட்டா மூஞ்சி தெரியும் மாமா" என்று சொல்லிக் கொடுத்தாள்.

விரல் தானாக நகர்ந்தது. காதில் வைத்தாள்.

"மாப்ளே! அந்தப் பிள்ளையும் அந்தப் பொம்பளையும் உன் வீட்டுக்குத்தான் வாராகளாம். கொன்னாலும் வாயைத் தொறந்துராதே. நான் சொல்லித்தான் நீ செஞ்சேன்னு அவளுக்குத் தெரிஞ்சா..."

"அப்பா" என்றாள் வேல்விழி. "நான்தாம்ப்பா."

அந்தப் பக்கம் போனை வைக்கும் சத்தம் கேட்டது.

அவள் உள்ளே திரும்பி சொர்ணலட்சுமியைப் பார்த்தாள். "டீக்கடையில நின்னு நீங்க பேசுனது எங்கப்பாகிட்டயா?"

"ஆமா. உங்க மாமா வீட்டுக்குப் போறோம்னு சொன்னேன். உங்கப்பாவுக்கு இதுல சம்பந்தம் இல்லைன்னா சும்மா இருப்பாரு. இருந்தா இந்தப் போன் அடிக்கும்னு தெரியும்."

"எப்பத்துல இருந்து தெரியும்?"

"முதல் நாளே சந்தேகம். சொந்தப் பிள்ளை படிப்பைக் கெடுத்தவனைப் பத்தி எந்தத் தகப்பனும் முதல்ல என்ன கேப்பான்? 'எவன்'னு கேப்பான். உங்கப்பா கடைசி வரைக்கும் அதைக் கேக்கலை. எவன்னு தெரிஞ்சவருதான் கேக்கமாட்டாரு." சொர்ணலட்சுமி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். "மாமா பேரு மட்டும் எனக்கு இன்னிக்குத்தான் கிடைச்சுச்சு."

"இல்ல மேடம். வேன்ல என்கிட்ட மாமாவைப் பத்திக் கேக்கும் முன்னாடியே டீக்கடையில இருந்து எப்படிப் போன் பண்ணுனீக?"

"மருந்து கலக்குறவன் யாரு உங்க வீட்டுலன்னு நான்தான் அவருகிட்டக் கேட்டேன். 'ஒருத்தரும் இல்லை'ன்னாரு. இந்தத் திருத்தங்கல்ல, ஒருத்தரும் இல்லையாம்! சரி, திருத்தங்கல்ல உங்க மச்சினன் வீட்டுக்கு எப்படிப் போகணும்னு கேட்டேன், 'பாண்டிராஜ் வீட்டுக்கு எதுக்கு?'ன்னு பதறுனாரு. பேரைச் சொன்னது அவரு. மடியில உக்கார வச்சவரும் அவருதானான்னு உன்கிட்டக் கேட்டுக்கிட்டேன். அம்புட்டுதான்."

டி.வி.எஸ். வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டது. முனியராஜ் வந்து இறங்கினார். வாசலில் நின்றவர் உள்ளே வரவில்லை. பாண்டிராஜ் எழுந்து மூலைக்குப் போனார். "மச்சான், நான் சொல்லலை" என்றார், அழுதுகொண்டே.

"எதுக்குப்பா?" என்றாள் வேல்விழி.

முனியராஜ் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "கை போன அன்னிக்கு மத்தவனெல்லாம் பதுங்கிட்டான். அய்யாதுரை ஒருத்தன்தான் வந்தான். அடுத்த அடியில இன்னொண்ணு புதைஞ்சிருக்குமான்னு பார்க்கலை. என்னைத் தோள்ல தூக்கிப் போட்டு, அந்த மலை முழுக்க இறங்குனான். அவன் இல்லைன்னா நீ தகப்பனைப் போட்டோவுலதான் பார்த்திருப்பே."

"அதுக்கு?"

"உங்க ரெண்டு பேரு மார்க்கும் வந்த அன்னிக்கு வீட்டுக்கு வந்தான். ரோஷினிக்கு இதுதான் கடைசித் தடவை, இனிப் படிக்க வைக்கத் தெம்பில்லைன்னு எனக்குத் தெரியும். நீ முன்னாடி போனா அவ வெளியில நிக்கணும். எனக்காக அவனே சாட்சி சொல்லி, அவன் பிள்ளை வழியை அவனே அடைச்சிருக்கான். உங்கம்மா போட்ட டீயைக் கையில வச்சுக்கிட்டே உக்காந்திருந்தான். ஆடை படிஞ்சு போச்சு. குடிக்காம வச்சிட்டுப் போயிட்டான். ஒரு வார்த்தை கேக்கலை தாயி. கேட்டிருந்தா முடியாதுன்னு சொல்லியிருப்பேன். கேக்கலையே!"

வேல்விழி சத்தம் போடவில்லை.

"பெரியப்பா வாயைத் தொறக்கலை. அது உனக்குக் கேட்டுச்சு. நான் வாய்விட்டுக் கேட்டேனேப்பா. சின்னப் பிள்ளையில இருந்து கேட்டேனே. அது கேக்கலையா?"

முனியராஜ் இடது கையை வழக்கம்போலச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டார்.

"உன் இஷ்டத்துக்கு உன் பென்ஷனை விட்டுக் குடுத்திருந்தா நான் ஏன்னு கேக்கமாட்டேன். என்கிட்ட வந்து, 'வேலு, ரோஷினிக்கு விட்டுக் குடு'ன்னு சொல்லியிருந்தா ரெண்டு நாள் அழுதுட்டு விட்டுக் குடுத்திருப்பேன். அவ எனக்கும் கூட்டாளிதான். நீ என்னைய ஒரு ஆளாவே நினைக்கலை. எவனோ கெடுத்துட்டான்னு நான் கதறும்போது, பக்கத்துல உக்காந்து தலையைத் தடவிக் குடுத்தியே, எப்படிப்பா முடிஞ்சுச்சு?"

"தாயி..."

"அம்மா காசு வெட்டப் போனப்போ வண்டி ஓட்டிட்டுப் போனது யாரு?"

முனியராஜின் தலை குனிந்தது.

"நீதானப்பா கூட்டிட்டுப் போன? அது உன்னையத்தான் சபிக்குதுன்னு தெரிஞ்சே வெளியில நின்னுட்டு வந்தியா?"

பிரபாகரன் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

சொர்ணலட்சுமிதான் பேசினாள். "ஆபீஸ் மூட இன்னும் நேரம் இருக்கு. பாண்டிராஜ் போயி, நான் சொன்னது பொய்யின்னு எழுதிக் குடுத்தா, அய்யாதுரை சாட்சி நிக்கும். ஃபைல் நகரும். ஆனா ஏன் பொய் சொன்னேன்னு ஆபீசரு கேப்பாரு."

"குடும்பத்துல பகை, பொறாமையில சொன்னேன்னு சொல்லிடுதேன் மேடம். கேஸ் போட்டாலும் என் மேல போடட்டும். மச்சான் பேரு வெளியில வரவேண்டாம்" என்றார் பாண்டிராஜ்.

"வேண்டாம் மாமா" என்றாள் வேல்விழி. "ஒரு பொய்யை எடுக்க இன்னொரு பொய் வேண்டாம். உன்னைய யாரு அனுப்புனாகளோ அவுகளே வந்து சொல்லட்டும்."

"அப்படிச் சொன்னா ஆபீசரு முன்னாடி உங்கப்பா பொய்க்காரருன்னு ஆகும். கோபத்துல ஃபைலையே மூடுனாலும் மூடிருவாரு. தெரிஞ்சுதான் சொல்லுறியா?" என்றாள் சொர்ணலட்சுமி.

"தெரிஞ்சுதான் சொல்லுறேன். எனக்குக் கிடைக்காம போனாலும் என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரிஞ்சு போகட்டும்."

எல்லோரும் முனியராஜைப் பார்த்தார்கள். பட்டாளத்தில் பேர் எடுத்தவர். தெருவில் எந்தத் தகராறுக்கும் அவர் சொல்தான் கடைசி. தெருப் பக்கம் திரும்பினார். பிறகு, "வாங்க போவோம்" என்றார்.

வேன் மறுபடி சூலக்கரைக்கு ஓடியது. அய்யம்மாள் கடை வாசலில் இறங்கினார்கள். பாண்டிராஜ் கேட்காமலே போனை அய்யம்மாளிடம் நீட்டினார். அய்யம்மாள் போனைப் பார்த்தாள், முனியராஜைப் பார்த்தாள், வாங்கி வைத்துக்கொண்டாள்.

வேல்விழியின் போனும் அடித்தது. ரோஷினி. அவள் எடுக்கவில்லை. அடித்து ஓய்கிற வரை கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

படிக்கட்டில் பாண்டிராஜ் செருப்பைக் கழற்றிப் போட்டார். கம்பிக் கதவில் உள்ளங்கையை வைத்தார். இந்தத் தடவை ரொம்ப நேரம் எடுக்காமல் வைத்திருந்தார்.

முனியராஜ் சட்டைப் பையிலிருந்து வாட்சை எடுத்தார். வீட்டிலிருந்து ஓடி வந்த அவசரத்தில் கழற்றி வைத்ததை அப்படியே பைக்குள் போட்டிருந்தார். ஆபீசர் முன்னால் வாட்ச் இல்லாமல் அவர் போனதே கிடையாது. வலது மணிக்கட்டில் அதைச் சுற்றி, பழக்கம் போல மகள் பக்கம் கையை நீட்டினார்.

வேல்விழி அந்தக் கையைப் பார்த்தாள். அவள் கை அசையவில்லை.

நீட்டிய கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு முனியராஜ் கையை மார்போடு அணைத்து, மிச்சமிருந்த ரெண்டு விரலால் வாரைக் கொக்கிக்குள் நுழைக்கப் பார்த்தார். நழுவியது. மறுபடி நுழைத்தார். மறுபடி நழுவியது. நெற்றியில் வேர்த்தது. பிரபாகரன் ஒரு அடி முன்னால் வைத்தான். சொர்ணலட்சுமி அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீயும் உள்ள வாறியா தாயி?" என்றார் முனியராஜ், தலையை நிமிர்த்தாமல்.

"இல்ல. நீங்க போயிட்டு வாங்க" என்றாள் வேல்விழி.

வார் தொங்கிய வாட்சை அவர் மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார். இடது கையைச் சட்டைக்குள் மறைக்காமல் வெளியே வைத்தபடி, படியேறி உள்ளே போனார்.